மாடியில் ஊற்றிய தண்ணீர்

பெங்களூர் நீலசந்திராவில் அந்த வீட்டின் கீழ்ப்பகுதியில் சில்வெஸ்டர் இருந்தார். மாடியிலிருந்த ஒற்றை அறையில் அவருடைய தம்பி மனைவி டோரதி. தம்பி ஆம்ப்ரோஸ் செத்துப்போனதிலிருந்து சில்வெஸ்டருக்கு ஒரே குறி. இவளைக் கிளப்பிவிட்டு மாடியை வாடகைக்கு விட வேண்டும். டோரதி அசையவில்லை. இருவரும் ஒரே படிக்கட்டில் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்வந்தார்கள்.

சந்தாபுரா பக்கத்தில் ஒரு நாற்றுப் பண்ணையில் அவளுக்கு வேலை. குடைமிளகாய் நாற்றுகளுக்குத் தண்ணீர் விடுவது அவள் பொறுப்பு. மேல்மண் வெளுத்து, நாற்றுத் தட்டைத் தூக்கினால் கைக்கு லேசாக இருக்க வேண்டும். அப்போதுதான், அதுவும் காலையில்தான், விடுவாள். உச்சி வெயிலில் இலை தொங்கினால் அது தாகமில்லை. பதறி ஊற்றினால் தண்டு அழுகிவிடும்.

தொண்ணூற்றெட்டுக் கோடையில் தனக்கென்று மொட்டைமாடியில் பெயின்ட் டப்பாக்களில் விதை போட்டாள். நாலு இலை விட்ட சமயம், ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து பார்த்தால் எல்லா நாற்றும் சாய்ந்து கிடந்தன. மண்ணை ஒட்டித் தண்டு நூலாக இளைத்திருந்தது. அவள் அன்று தண்ணீரே விடவில்லை. டப்பாவில் சேறு.

மறுபடி போட்டாள். மறுபடியும் சேறு.

ஒரு பந்த் நாளில் பஸ் கிடைக்காமல் அவள் பாதியில் திரும்பி வந்தாள். சந்து முனையிலிருந்தே மாடி தெரிந்தது. சில்வெஸ்டர் குடத்தோடு நின்று ஒவ்வொரு டப்பாவாக ஊற்றிக்கொண்டிருந்தார். குழாயில் தண்ணீர் வராத நாளில், தன் வீட்டு டிரம்மிலிருந்து மொண்டு வந்த தண்ணீர்.

அவர் இறங்கும்வரை அவள் சந்து முனையிலேயே நின்றாள். சாயங்காலம் படியில் நின்று கேட்டாள்.

"மாமா, செடிக்கு யாராச்சும் தண்ணி ஊத்துனாங்களா?"

"எனக்கின்னா வேற வேலயில்லயா? சும்மா பேஜார் பண்ணாதம்மா."

அடுத்த வாரம் குடைமிளகாய் விதையை அறைக்குள் ஜன்னலோரம் போட்டாள். பண்ணை வரப்பில் தானாக முளைத்துக் கிடந்த மணத்தக்காளிச் செடிகளைப் பிடுங்கிவந்து மாடி டப்பாக்களில் நட்டாள். தண்ணீர் தேங்காமல் வடிய, அடியில் ஆணியால் பெரிய ஓட்டைகள் போட்டாள். சில்வெஸ்டருக்கு அவையும் குடைமிளகாய் நாற்றாகவே தெரிந்தன. முட்டி வலியோடு குடம் தூக்கி ஏறினார். மணத்தக்காளி தழைத்தது. டோரதி கீரை பறித்துக் கடைந்து தின்றாள். ஒவ்வொரு வாய்க்கும் அவளுக்குக் கொடிய சந்தோஷம்.

மழை தொடங்கியபின், முழங்கால் உயரம் வளர்ந்த குடைமிளகாய்ச் செடிகளைச் சாக்குகளில் நட்டு மாடிக்குக் கொண்டுவந்தாள். தண்ணீர்க் குடத்தோடு ஏறிவந்த சில்வெஸ்டர் திகைத்து நின்றார்.

"இது எங்கேர்ந்து வந்துச்சி?"

"உள்ள வளத்தேன். நீங்க இத்தினி நாள் ஊத்துனது கீரைக்கு. நல்லா வெந்துச்சி மாமா."

அவர் முகம் கறுத்தது. குனிந்து இரண்டு செடிகளை வேரோடு பிடுங்கிச் சந்தில் எறிந்தார். டோரதி அவர் குடத்தையே எடுத்து அவர் தலையில் கவிழ்த்தாள். "கலீஜ் பொம்பள!" என்று அவர் கத்த, சந்து முழுக்க வெளியே வந்து நின்றது.

அதன்பின் அவள் ஏறமுடியாதபடி அவர் படிக்கட்டின் முதல் படியில் கதவு வைத்துப் பூட்டினார். டோரதி பண்ணை வேலையோடு ஞாயிற்றுக்கிழமைகளிலும் வேறு வீடுகளில் வேலை பார்த்துக் காசு சேர்த்து, தெருப்பக்கமாக இரும்பு ஏணிப்படி போட்டுக்கொண்டாள். மிஞ்சிய செடிகள் காய்த்தன. சந்தில் எல்லா வீட்டுக்கும் கொடுத்தாள், கீழ் வீட்டைத் தவிர. சில்வெஸ்டரின் மனைவி ஒருமுறை வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தாள். டோரதி கையிலிருந்த கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.