தலைவர் பதவி வேண்டாம் என்றவர்கள்

என் மாமனார் ஐந்து மாதம் என்னோடு பேசவில்லை. அவருடைய வீட்டிலேயே இருந்துகொண்டு, அவருடைய மகளைக் கட்டி, அவருடைய மனைவி சமைத்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒருவனோடு பேசாமல் இருப்பது லேசான வேலையில்லை. வீட்டில் இருந்தது ஒரே குசினி, ஒரே கிணறு, ஒரே றேடியோ. இத்தனைக்கும் நான் அவருக்குச் செய்த துரோகம், அவர் வாயால் சொன்னதை அப்படியே நம்பியதுதான்.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடிந்ததும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். அப்படித்தான் அறுபதுகளின் நடுவில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு புத்தகமுமாகச் சாம்பல்தீவிலிருந்து லிங்கநகருக்கு வந்து சேர்ந்தேன். துறைமுகக் களஞ்சியத்தில் எனக்குக் கிளாக்கர் வேலை. புத்தகம் எங்கள் தொழிற்சங்கம் தந்தது. கூட்டங்களை எப்படி நடத்துவது, யார் முன்மொழிவது, யார் வழிமொழிவது, யார் எப்போது வாயை மூடுவது என்று எல்லாம் அதில் இருந்தது. அது கைக்கு வந்த நாளிலிருந்து எனக்குத் தலைக்கனம் பிடித்துவிட்டது. சுதந்திரம் கிடைத்து இவ்வளவு காலமாகியும் இந்த நாடு உருப்படாததற்குக் காரணம், ஆட்கள் இதைப் படிக்காததுதான் என்று பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு போவேன். அவர்கள் யன்னலால் வெளியே பார்ப்பார்கள்.

மாமா துறைமுகத்தில் பெயின்றர். கப்பல், படகு, கதவு, பெட்டி, எதில் பெயர் எழுத வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். எங்கள் வீட்டுத் தெருவான ஒழுங்கையின் முனையில் ஒரு வாசிகசாலை இருந்தது. அதன் சுவரில் தொங்கிய தலைவர்கள் பலகையும் அவருடைய கைதான். வருடா வருடம் புதிய தலைவரின் பெயரைச் சும்மாவே எழுதிக் கொடுத்தார். ஒன்பது பெயர் எழுதியாகிவிட்டது. ஒன்றும் அவருடையதில்லை. பத்தாவது வருடம் அவருடைய முறை என்று ஒழுங்கை முழுவதும் பேசி முடித்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பத்தாவது வரிக்குப் பென்சிலால் கோடு போட்டு, தன் பெயர் அதில் அடங்குமா என்று விரலால் அளந்து பார்த்ததை நான் என் கண்ணால் கண்டேன். கூட்டத்தன்று காலையிலேயே மாமி பாயசத்துக்குச் சவ்வரிசி ஊறப்போட்டுவிட்டார்.

கேட்டவுடன் ஓம் என்று சொல்வது எங்கள் ஆட்களுக்குப் பெரிய வெட்கக்கேடு. எதையும் இரண்டு தரமாவது மறுக்க வேண்டும். மூன்றாம் தரம் மற்றவர்கள் பலவந்தப்படுத்த வேண்டும். அதற்குப் பிறகு, உங்களுக்காகத்தான் என்ற முகத்தோடு ஏற்றுக்கொள்ள வேண்டும். அன்று மத்தியானம்கூட நான் பாரை மீன் பொரியலை இரண்டு தரம் வேண்டாம் என்று சொல்லி, மூன்றாம் தரம் மாமி என் சாப்பாட்டுக் கோப்பையில் போட்ட பிறகு வளைத்துக் கட்டியவன். பதவியும் பொரியலும் எங்களுக்கு ஒன்றுதான். நாட்டை ஆளப் புறப்பட்டவர்கள்கூட “நண்பர்களின் வற்புறுத்தலைத் தட்ட முடியாமல்” என்றுதான் நோட்டீஸ் அடித்தார்கள். ஆசைப்பட்டுத்தான் கேட்கிறேன் என்று அடித்த ஒருவரையும் நான் கண்டதில்லை. எனக்கு இதெல்லாம் நன்றாகத் தெரியும். ஆனால் பழக்கவழக்கத்தைச் செருப்பைப்போல வாசிகசாலை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று நினைத்தேன். படித்த மடையன் என்பது என்னைத்தான்.

கூட்டம் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு. நான் ஒழுங்கைக்குப் புது ஆள், ஊர்ச் சண்டை ஒன்றிலும் இல்லை, கையெழுத்தும் மணி மணியாக இருக்கும். ஆகவே தேர்தலை நடத்தத் தற்காலிகத் தலைவராக என்னைப் போட்டார்கள். குறிப்பு எழுதுவதும் நானே. முதலில் நானும் இரண்டு தரம் மறுத்தேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பிறகு எழுந்து, புத்தகத்தை உயர்த்திப் பிடித்து, ஒருவர் மறுத்தால் மறுத்ததுதான், அவரைத் திரும்பக் கேட்கக் கூடாது, அவருடைய பெயர் விலகியதாகவே கொள்ளப்படும் என்று விதியை வாசித்தேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நாகரிகமான விதி என்று ஒருவர் பாராட்டவும் செய்தார்.

தபால் கந்தோரில் வேலை பார்த்த ஒருவர் மாமாவின் பெயரை முன்மொழிந்தார். பலர் வழிமொழிந்தார்கள். மாமா கஞ்சி போட்ட புது வேட்டி சரசரக்க எழுந்து கைகூப்பினார்.

“எனக்கு ஏன் இதெல்லாம்? வயசும் போட்டுது. வேறை ஆரையும் பாருங்கோ.”

அழகான மறுப்பு. ஒன்பது வருடமாக மனதுக்குள் சொல்லிப் பார்த்த மறுப்பு. சபை கெஞ்சுவதற்கு வாயெடுத்தது. நான் மேசையில் தட்டினேன். மாமனாருக்குச் சலுகை காட்டினான் என்று பெயர் வந்துவிடக் கூடாதே என்ற பயம் வேறு எனக்கு.

“நன்றி. மறுத்துவிட்டார். அடுத்த பெயர்,” என்றேன்.

மாமா உட்காரவில்லை. கூப்பிய கை கூப்பியபடியே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்தில் இருந்தவர் வேட்டியைப் பிடித்து இழுத்து அவரை வாங்கில் இருத்தினார்.

அதற்குப் பிறகு நடந்தது முழுப் பைத்தியக்காரத்தனம். மாமாவே வேண்டாம் என்ற பதவியை அடுத்தவர் எப்படி ஏற்பது? அவர் இன்னும் பலமாக மறுத்தார். அதற்கடுத்தவர் அதைவிடப் பலமாக. ஒருவருக்கு முழங்கால் வலி. ஒருவருக்கு மாடு கன்று போடுகிற நேரம். ஒருவர் தனக்கு நடப்பது ஏழரைச் சனி என்றார். பெயரைச் சொல்வதற்கு முன்னமே ஒருவர் எழுந்து மறுத்துவிட்டு உட்கார்ந்தார். மூலையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தவருக்காக அவருடைய தம்பி மறுத்தார். நான் ஒவ்வொரு பெயரையும் எழுதி எழுதி வெட்டினேன். எல்லோரும் தங்களைத் திரும்பக் கேட்பார்கள் என்று காத்திருந்தார்கள். கேட்க விதியில் இடமில்லை.

கடைசியில் மிஞ்சியவர் ஒழுங்கை முனைக் கடைக்கார நானா; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அவருடைய வீடு கிண்ணியாவில். தினமும் காலையில் வந்து கடையைத் திறந்து, பின்னேரம் கடைசிப் பாதையில் அக்கரைக்குத் திரும்புவார். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கடலைக் கடக்கும் மிதவையை. அது யாருக்காகவும் காத்து நிற்காது. ஆரோ அவருடைய பெயரைச் சொன்னபோது அவர் எழுந்து வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

“ஓம், ஓம், செய்யிறன். எனக்குப் பாதைக்கு நேரமாச்சு,” என்றுவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

இப்படியாகப் பத்தாவது தலைவர் ஏகமனதாகத் தெரிவானார். அடுத்த நாள் மாமா பென்சில் கோட்டை ரொட்டித் துண்டால் அழித்துவிட்டு, நானாவின் பெயரை ஒரு பிசிறில்லாமல் எழுதிக் கொடுத்தார். பாயசத்தை நாங்கள் நாலு பேரும் இரண்டு நாளாகக் குடித்தோம்.

அவருக்கு வாய்விட்டுத் திட்டவும் வழியில்லை. திட்டினால் பதவிக்கு ஆசைப்பட்டவர் என்றாகிவிடும். அதனால் வீட்டுப் பூனையோடு கதைக்கத் தொடங்கினார். சிலபேருக்குக் கண்ணும் இல்லை, மூக்கும் இல்லை, புத்தகம் மட்டும் இருக்கு என்று அதற்கு விளங்கப்படுத்துவார். பூனை என்னைப் பார்க்கும்.

மாமியின் தண்டனை வேறு. சாப்பிடும்போது மீன் போடவா என்று ஒரே ஒரு தரம் கேட்பார். எனக்குப் பழக்கத்தில் வேண்டாம் என்று வந்துவிடும். உடனே சட்டியோடு குசினிக்குப் போய்விடுவார். போகும்போது, மறுத்தால் மறுத்ததுதானே என்று சுவருக்குச் சொல்வார். மனைவியிடம் முறையிட்டேன். அவள் சிரித்து முடிக்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. முதல் மாதத்தில் என் இடுப்புப் பட்டியில் புதிதாக ஓர் ஓட்டை போட வேண்டியிருந்தது. கேட்டவுடன் ஓம் என்று சொல்லிப் பழகலாம் என்று பார்த்தேன். தனியாக இருக்கும்போது நன்றாக வந்தது. கோப்பைக்கு முன்னால் இருக்கும்போது நாக்கு எழும்பவில்லை. தொழிற்சங்கத்தில் புரட்சியைப் பற்றி அரை மணித்தியாலம் பேசுகிற எனக்கு, இன்னொரு துண்டு மீன் வேண்டும் என்று சொல்லத் தைரியம் வரவில்லை!

நானா நல்ல தலைவர். அதுதான் பிரச்சினை. பாதைக்குப் போகிற அவசரத்தில் கால் மணித்தியாலத்தில் கூட்டத்தை முடித்துவிடுவார். இதுவரை முடிவாகாத விஷயங்களெல்லாம் முடிவாகின. கூரை ஒழுகுவது நின்றது, பேப்பர் நேரத்துக்கு வந்தது. உறுப்பினர்களுக்கு முகம் வாடிவிட்டது. ஒருவருக்கும் மறுக்கச் சந்தர்ப்பம் இல்லை, ஒருவரையும் கெஞ்சச் சந்தர்ப்பம் இல்லை. கூட்டத்துக்கு வருகிறவர்கள் வரவரக் குறைந்தார்கள்.

ஐந்தாவது மாதம் நானா என்னைக் கடைக்குக் கூப்பிட்டுத் தன் விலகல் கடிதத்தைத் தந்தார். ஏன் என்று கேட்டேன். சீனியை நிறுத்துக்கொண்டே சொன்னார்:

“தம்பி, நானும் வேண்டாம் எண்டு சொல்லத்தான் எழும்பினனான். மூண்டு தரம் மறுத்துக்கொண்டு நிண்டா பாதை போயிரும். உங்கட மாமாட முகத்தைப் பார்த்து அவரிட்டச் சாமான் விற்க இனி என்னால ஏலாது.”

விசேட கூட்டம் கூட்டினோம். தற்காலிகத் தலைவராக வேறு யாராவது இருங்கள் என்று கெஞ்சிப் பார்த்தேன். எல்லோரும் மறுத்துவிட்டார்கள். வீட்டில் மாமா, இனிமேல் காலில் விழுந்து கேட்டாலும் அந்தப் பதவி வேண்டாம் என்று பூனையிடம் சொல்லியிருந்தார். அது எந்த வகை வேண்டாம் என்று எனக்கு விளங்கவில்லை. எதற்கும் இந்த முறை மூன்று தரம் கேட்பது, விதியாவது மண்ணாவது என்று முடிவெடுத்துக்கொண்டு போனேன். புத்தகத்தை மட்டும் பழக்கதோஷத்தில் மேசையில் வைத்துவிட்டேன்.

அதே தபால் கந்தோர்க்காரர் அதே பெயரை முன்மொழிந்தார். மாமா எழுந்தார். கைகூப்பவில்லை. மேசையில் இருந்த புத்தகத்தையே பார்த்தார்.

“ஓம். செய்யிறன். எனக்கு விருப்பம்தான்,” என்றார்.

பின் வாங்கிலிருந்து ஆரோ மூக்கால் சிரித்தார். மாமாவின் கழுத்தெல்லாம் வேர்த்துவிட்டது. அறுபது வயது மனிதர், நாலு பேருக்கு முன்னால் வேட்டி அவிழ்ந்தவர்போல நின்றார். இவ்வளவு காலம் மரியாதையோடு மறுத்து வாழ்ந்தவரை, இப்படிக் கேட்டு வாங்கும்படி ஆக்கியவன் நான். அழுகை வருமாப்போல் இருந்தது. என்ன செய்கிறேன் என்று யோசிக்காமலே புத்தகத்தை எடுத்துக் கதிரையில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“அப்பிடிச் சொல்லக்கூடாது மாமா,” என்றேன். “நீங்கள் மாட்டன் எண்டா நாங்கள் எங்கை போறது?”

அவர் என்னை விசரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். முதலில் விஷயம் பிடிபட்டது தபால் கந்தோர்க்காரருக்குத்தான். அவர் துள்ளி எழுந்து, ஊரைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சினார். அதற்குப் பிறகு கேட்கவா வேண்டும், ஐந்து மாதம் அடக்கி வைத்திருந்த கெஞ்சலெல்லாம் கிளம்பிவிட்டது. மூக்கால் சிரித்தவர்கூட வந்து கையைப் பிடித்தார். மாமா ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். மெல்லக் கை கூப்பினார். தனக்கு ஏலாது என்று சன்னமாகச் சொன்னார். இரண்டாம் தரம் வயதைச் சொன்னார், குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. மூன்றாம் தரம் தோளில் சால்வையை உதறிப் போட்டுக்கொண்டு மறுத்த மறுப்பில், எங்கே நிசமாகவே போய்விடப் போகிறாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. பிறகு, இவ்வளவு பேர் கேட்கிறீர்கள், தட்ட முடியவில்லை என்று ஒப்புக்கொண்டார்.

கூட்டம் கலைந்துகொண்டிருக்கும்போது என் மேசைக்கு வந்து குனிந்தார். சேட்டில் பெயின்ற் கரைக்கிற தின்னர் மணத்தது.

“தம்பி, மூண்டு தரம் மறுத்தவர் எண்டு எழுதுங்கோ. முதல் சொன்னது வேண்டாம்.”

ஐந்து மாதத்தில் என்னோடு நேரே பேசிய முதல் பேச்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுதினேன். அவர் கேட்காமலே, சபை காலில் விழாத குறையாகக் கெஞ்சியது என்று ஒரு வரியும் சேர்த்தேன். மாமா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை இரண்டு தரம் வாசித்தார். பிறகு, சபை என்பதை வெட்டிவிட்டு ஊர் என்று போடச் சொன்னார்.