கடல் சுட்ட கோடை

1. ரெஜினாவின் போன்

மதியச் சாப்பாட்டுக்கு டெய்ரி ஃபார்ம் ஏரியாவில் இருக்கிற என் வீட்டுக்கு வந்து, சோற்றில் ரசத்தை ஊற்றிய நேரம் போன் அடித்தது.

"அண்ணாச்சி, மெஷின் நின்னுட்டு. தண்ணி சுடுது."

"மீட்டர்ல எவ்வளவு காட்டுது?"

"மீட்டர நான் பாக்கல. கைய வச்சுப் பாத்தேன். சுடுது."

"கைக்கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம், மீட்டரப் பாத்துச் சொல்லு" என்று எரிந்து விழுந்தேன். பார்த்துவிட்டு வந்து முப்பது என்றாள். இருபத்தாறில் நிற்க வேண்டிய தண்ணீர். சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தேன்.

நான் முருகேசன். ஏ.சி. மெக்கானிக்காக அரசு வேலையில் சேர்ந்து, ஏ.சி. மெக்கானிக்காகவே ரிடையர் ஆனவன். அப்பா பரமக்குடியிலிருந்து கப்பலேறி வந்தவர். எனக்கு ஊர் என்றால் போர்ட் பிளேர்தான். இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு உதவட்டும் என்று என் சர்வீஸில் நடந்தவற்றை எழுதி வருகிறேன். மற்றதையெல்லாம் சிரித்துக்கொண்டே எழுதினேன். இதற்கு மட்டும் உட்காருவதும் எழுந்து போவதுமாக இருந்தேன்.

எங்கள் ஆபீஸ் கடலை ஒட்டி இருந்தது. பெயர் வேண்டாம். கீழ்த்தளத்தில் ஜனங்கள் பார்க்க மீன் தொட்டிகள் வைத்திருந்தோம். நடுவில், சுவர் அகலத்துக்கு ஒரு பவளத் தொட்டி. மீன்களைப் பற்றிக் கவலையில்லை, கொஞ்சம் சூடு கூடினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பவளம் அப்படியில்லை. பணக்கார வீட்டுச் செல்லப்பிள்ளை மாதிரி. தண்ணீர் இரண்டு டிகிரி கூடி சில நாள் நின்றால் போதும், அதற்குள் குடியிருந்து நிறமும் சோறும் கொடுக்கிற பாசி வெளியேறிவிடும். பவளம் வெளுத்துப் போகும். வெளுத்தது உடனே சாகாது. சீக்கிரம் குளிர்ந்தால் பிழைக்கும். குளிராவிட்டால் பட்டினியில் போய்விடும்.

அதைக் குளிர வைக்க ஒரு சில்லர். அதைப் பார்த்துக்கொள்ள நான். பவளத்தைப் பார்த்துக்கொள்ள ரெஜினா.

2. சவரி வைத்த பவளம்

ரெஜினாவின் புருஷன் சவரிமுத்து எங்கள் ஆபீஸில் டைவராக இருந்தவன். தூத்துக்குடிப் பக்கத்துக் கடற்கரைக்காரன். தண்ணீருக்குள் போனால் வெளியே வர மனசில்லாதவன். ஒரு புயலுக்குப் பிறகு, எதிர்த்தீவின் ஓரத்தில் மணலில் உடைந்து உருண்டு கிடந்த ஒரு மூளைப் பவளத் துண்டை ஆபீஸ் அனுமதியோடு எடுத்து வந்து தொட்டியில் வைத்தான். கைப்பிடி அளவு இருந்தது. பவளத்தைக் கடலிலிருந்து எடுப்பது குற்றம் என்பதால் இப்படி உடைந்து கிடந்தவைதான் எங்கள் தொட்டியில் எல்லாமே. "இது பொழைக்காது சவரி" என்றேன். "நீங்க தண்ணியக் குளிர வச்சுக் குடுங்க அண்ணாச்சி, பொழைக்கது பொழைக்காதது அதுக்கும் எனக்கும் உள்ள வழக்கு" என்றான். அது பிழைத்தது. அவன்தான் மஞ்சள் காமாலையில் ஒரே வாரத்தில் போய்விட்டான்.

கருணை அடிப்படையில் ரெஜினாவுக்கு வேலை கிடைத்தது. மின்னி பே என்ற இடத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். வந்ததும் தொட்டியின் மூலையில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள், காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல. நான் கேலி செய்வேன். "மீட்டருக்கு ஆபீஸ் காசு செலவு பண்ணுச்சே, அத என்ன செய்ய?" என்பேன். "அது ஒங்களுக்கு. இது எனக்கு" என்பாள்.

சவரி வைத்த துண்டு மெல்ல வளர்ந்து தேங்காய் அளவுக்கு வந்திருந்தது. பழுப்பில் லேசாகப் பச்சை ஓடும். மெயின்லேண்டிலிருந்து வருகிற டூரிஸ்ட்டுகள் கண்ணாடியைத் தட்டி, "பவளம்னா வெள்ளையா இல்ல இருக்கும்? இது ஏன் அழுக்கா இருக்கு?" என்று கேட்பார்கள். ரெஜினா பொறுமையாகச் சொல்வாள்: "வெள்ளையாயிட்டுன்னா அதுக்குச் சொகமில்லன்னு அர்த்தம். இந்த நெறந்தான் அதுக்கு உசுரு." அதை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள் என்று கணக்கில்லை. அலுத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

3. பாட்டில் ஐஸ்

சில்லரைத் திறந்து பார்த்தேன். ஹை பிரஷர் டிரிப், அதாவது உள்ளே அழுத்தம் ஏறி மெஷின் தானாக நின்றுவிடுவது. ரீசெட் பண்ணினால் கொஞ்ச நேரம் ஓடும், மறுபடி நிற்கும். கேஸ் சரியாக இருந்தது. பம்ப் சரியாக இருந்தது. கண்டென்ஸரைக் கழற்றி ஆசிட் விட்டுக் கழுவினேன். அப்படியும் டிரிப். கம்ப்ரஸர்தான் போயிருக்க வேண்டும் என்று முடிவு கட்டி எங்கள் ஆபீஸர் சாகிபிடம் சொன்னேன். சாகிப் கல்கத்தாப் பக்கத்து ஆள், நல்ல மனுஷன், எங்களோடு ஹிந்திதான். "பார்ட் எப்ப வரும்?" என்று கேட்டார். "சென்னைலேர்ந்து ஷிப்புல வரணும் சாப்" என்றேன். கப்பலில் வரும் என்றால் வாரக்கணக்காகும் என்று தீவுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

மெஷின் இல்லாமல் தொட்டியைக் குளிர வைப்பது எப்படி என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளுங்கள். முதலில் லைட்டை அணையுங்கள், பாதிச் சூடு அதிலிருந்துதான். மூடியை எடுத்துவிட்டு டேபிள் ஃபேனைத் தண்ணீர்மேல் படுகிற மாதிரி திருப்பி வையுங்கள். ஆவியாகிப் போகிற தண்ணீர் சூட்டையும் கொண்டு போகும். அப்படிக் குறைந்த அளவுக்கு உப்பில்லாத நல்ல தண்ணீர் ஊற்றுங்கள், இல்லாவிட்டால் உப்பு ஏறிவிடும். ஐஸை நேராகத் தொட்டியில் போடாதீர்கள், உப்பு இறங்கிவிடும். பாட்டிலில் தண்ணீரை உறைய வைத்து, மூடியோடு மிதக்க விடுங்கள். அவசரப்பட்டு ஒரேயடியாகவும் இறக்காதீர்கள், சூட்டில் பிழைத்தது குளிரில் சாகும்.

இதையெல்லாம் செய்தோம். ஜங்கிளிகாட் ஐஸ்காரரிடம் பாட்டில்களைக் கொடுத்து உறைய வைத்தோம். ரெஜினா தன் வீட்டு ஃபிரிட்ஜிலிருந்த மீனையும் மாவையும் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு அங்கேயும் பாட்டிலை அடுக்கினாள். ஆனால் மே மாசம். ஜன்னல் வழியாக வருகிற காற்றே அடுப்பிலிருந்து வருகிற மாதிரி வந்தது. பாதி நேரம் கரன்ட் இல்லை, ஃபேன் நின்றுவிடும். தண்ணீர் முப்பதுக்குக் கீழே இறங்கவே இல்லை. சவரியின் பவளத்தில் ஒரு பக்கம் நிறம் மங்குவதை ரெஜினாதான் முதலில் பார்த்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். எனக்குத் தெரியவில்லை என்று பொய் சொன்னேன்.

4. திருப்பி விடப் போனது

எங்கள் ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. வைத்துக் காப்பாற்ற முடியாத உயிரைச் சாக விடாமல் கடலில் திருப்பி விட்டுவிடுவோம். ஆமை, கடல்குதிரை, அடிபட்ட மீன் என்று பலதையும் அப்படி விட்டிருக்கிறோம். சாகிப் ரெஜினாவைக் கூப்பிட்டு, "மர்னே மத் தோ. வாபஸ் சோட் தோ" என்றார். சாக விட வேண்டாம், திருப்பி விட்டுவிடு என்கிறார்.

"அவிய எடுத்த எடத்துலயே விடலாமா சாப்?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டாள். சவரி எடுத்த இடத்தைக் கேட்கிறாள் என்று நான் ஹிந்தியில் சொன்னேன். அவர் தலையாட்டினார்.

மீன் பெட்டியில் தண்ணீர் நிரப்பி, பவளத்தை வைத்து, பேட்டரியில் ஓடுகிற காற்றுக் குழாயைப் போட்டு, ஆபீஸ் டிங்கிப் படகில் கிளம்பினோம். சவரிக்குப் பிறகு வந்த டைவர் தீபங்கர் மோட்டார் ஓட்டினான். நான் போக வேண்டிய வேலையில்லை. ரெஜினாவுக்கு நீச்சல் தெரியாது, படகு என்றாலே பயப்படுவாள், அதனால் போனேன். வழியெல்லாம் பெட்டியை அணைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். ஒருமுறை மட்டும் பேசினாள். "இங்க இருந்தா நாளைக்கு ஒரு நாள் போயிரும் அண்ணாச்சி. அங்க இருந்தா நான் பாக்க முடியாது, ஆனா இருக்கும்லா."

"இருக்கும்மா" என்றேன். அதை மனசார நம்பித்தான் சொன்னேன்.

எதிர்த்தீவின் ஓரத்தில் தீபங்கர் மோட்டாரை நிறுத்தினான். அவன் கண்ணாடி மாட்டிக்கொண்டிருக்கும்போதே ரெஜினா படகின் ஓரமாகக் குனிந்து புறங்கையைக் கடலில் வைத்தாள். வைத்தவள் எடுக்கவில்லை. முகம் மாறிவிட்டது.

"அண்ணாச்சி, இதுவும் சுடுது."

நானும் வைத்துப் பார்த்தேன். மீட்டர் கேட்கத் தோன்றவில்லை.

தீபங்கர் உள்ளே போய் வந்தான். கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளிவிட்டு யாரையும் பார்க்காமல் சொன்னான். "தீதி, நீச்சே சப் சஃபேத் ஹை." அக்கா, கீழே எல்லாம் வெளுத்துக் கிடக்கிறது என்று. படகிலிருந்தே குனிந்து பார்த்தேன். தண்ணீர் கண்ணாடி மாதிரி இருந்தது. அடியில் கண்ணுக்கு எட்டின மட்டும் சுண்ணாம்பு அடித்த மாதிரி வெள்ளை.

ரெஜினா அழவில்லை. பெட்டி மூடியைத் திரும்பப் போட்டாள். "அப்பம் இத எங்க கொண்டு போய் விட?" என்று என்னைக் கேட்டாள். தீபங்கர் மோட்டாரைக் கிளப்பினான். கொண்டு போன பெட்டியோடு திரும்பினோம்.

5. மெஷின் சொன்னது

திரும்பி வரும் வழியில்தான் எனக்கு உறைத்தது. ஜனங்கள் நினைப்பதுபோல நாங்கள் குளிர்ச்சியை உண்டாக்குவதில்லை. ஓர் இடத்துச் சூட்டை எடுத்து இன்னோர் இடத்தில் கொட்டுகிறோம். எங்கள் சில்லர் தொட்டியின் சூட்டை எடுத்து, கண்டென்ஸர் வழியாக ஓடுகிற கடல்தண்ணீரில் கொட்டும். அந்தத் தண்ணீர் படகு ஜெட்டியின் கீழே, கரையோரத்திலிருந்து வருகிறது. அதுவே சுட்டால் மெஷின் சூட்டை எங்கே கொட்டும்? பிரஷர் ஏறும், டிரிப் ஆகும். கம்ப்ரஸருக்கு ஒன்றுமே இல்லை. கேஸ், பம்ப், கண்டென்ஸர் என்று எல்லாவற்றையும் சோதித்தவன் கடலைச் சோதிக்கவில்லை. யாரும் சோதிப்பதில்லை. கடல் எப்போதும் சரியாக இருக்கும் என்பது எங்களுக்கெல்லாம் அவ்வளவு பழகிப்போன விஷயம்.

மறுநாளே தீபங்கரை வைத்து, கடல்தண்ணீரை இழுக்கிற இன்டேக் குழாயை ஆழத்துக்கு நீட்டினேன். அடித்தண்ணீர் கொஞ்சம் குளிர்ச்சி. சில்லர் ஓடியது. தொட்டி மெல்ல இருபத்தாறுக்கு இறங்கியது. ஆனால் அதற்குள் சவரியின் பவளம் முழுக்க வெளுத்திருந்தது.

ரெஜினா விடவில்லை. ஜனங்கள் போன பிறகு சாயங்காலத்தில் லைட்டை அணைத்துவிட்டு உட்காருவாள். பவளம் தன் சின்னச் சின்ன விரல்களை வெளியே நீட்டும். இறாலை மசித்து, ஊசியில்லாத சிரிஞ்சில் எடுத்து, சொட்டுச் சொட்டாக ஊட்டுவாள். "தின்னுது அண்ணாச்சி, பாருங்க" என்பாள். தின்னத்தான் செய்தது. எனக்கும் ஆசை வந்துவிட்டது.

அந்த நாட்களில்தான் மெயின்லேண்டிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. மதுரைப் பக்கம் போலிருந்தது பேச்சு. அந்தம்மா தொட்டியின் முன் நின்று, "அய்யோ, பாருங்களேன்! பால் மாதிரி என்ன வெள்ள! இதாங்க பவளம்!" என்று பிள்ளைகளை நிற்க வைத்துப் படம் எடுத்தார். பிறகு ரெஜினாவைத் திரும்பிப் பார்த்து, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்கம்மா" என்றார்.

நான் ரெஜினாவைப் பார்த்தேன். வழக்கமாகச் சொல்வதைச் சொல்வாள் என்று காத்திருந்தேன்.

"ஆமாம்மா" என்றாள். வாளியை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள்.

6. கடைசிப் பயணம்

மழை பிடித்துக்கொண்ட பிறகு ஒரு காலையில் பவளத்தின்மேல் மெல்லிய பச்சைப் பாசி படர்ந்திருந்தது. உள்ளே குடியிருந்த பாசி இல்லை இது; உயிருள்ள பவளத்தின்மேல் இது படராது. ரெஜினா பிரஷ் எடுத்துத் துடைத்தாள். மறுநாளும் படர்ந்தது. பிறகு துடைக்கவில்லை.

சாகிப் அதைக் காயவைத்துக் கண்ணாடி அலமாரியில் வைக்கலாம் என்றார். பெயரோடு, சவரிமுத்து எடுத்து வந்தது என்று எழுதியே வைக்கலாம் என்றார். மரியாதைக்குத்தான் சொன்னார். ரெஜினா கையைக் கட்டிக்கொண்டு நின்று, "வேண்டாம் சாப். வெள்ளையா வச்சா எல்லாரும் அழகுன்னுதான் சொல்லுவாவ" என்றாள். இதையும் நான்தான் ஹிந்தியில் சொன்னேன்.

இப்போது சில்லர் டிரிப் ஆகுது என்று புதுப்பிள்ளைகள் யாராவது போன் பண்ணினால் நான் முதலில் கேட்பது கேஸையோ கம்ப்ரஸரையோ இல்லை. "கடல்ல கை வச்சுப் பாத்தியா?" என்று கேட்கிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைக்கிறார்கள். நினைக்கட்டும். சூட்டைக் கொட்டுகிற தொழில் நம்முடையது. கொட்டுகிற இடம் எப்படி இருக்கிறது என்று பார்க்க வேண்டியதும் நம் வேலைதான்.

அந்த வருஷம் மழை விட்ட ஒரு நாள், அதே மூன்று பேர், அதே டிங்கியில் எதிர்த்தீவுக்குப் போனோம். இந்த முறை பெட்டி இல்லை, காற்றுக் குழாய் இல்லை. பவளத்தை ஒரு துண்டில் சுற்றி ரெஜினா மடியில் வைத்திருந்தாள். தீபங்கர் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய், சவரி எடுத்த இடம் என்று நாங்கள் நினைத்த மணலில் வைத்துவிட்டு வந்தான். சுற்றிலும் உள்ள பவளத்தில் பாதிக்கு மேல் பாசி பிடித்துக் கிடக்கிறது என்றான்.

ரெஜினா சிலுவை போட்டுக்கொண்டாள். பிறகு ஓரமாகக் குனிந்து, பழக்கத்தில், புறங்கையைக் கடலில் வைத்தாள்.

"இப்பம் சரியா இருக்கு அண்ணாச்சி" என்றாள்.

நானும் கையை வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.