முப்பத்தெட்டுக் கருத்துச் சீட்டுகள்

ஆவுடையம்மாள் கையில் சிவப்பு மைப் பேனா இல்லாமல் எதையும் படித்ததில்லை. கல்யாணப் பத்திரிகை வந்தாலும் அதிலுள்ள வழுக்களைத் திருத்திய பிறகுதான் கல்யாணத்துக்குப் புறப்படுவாள். தென்காசியை அடுத்த மேலகரத்துப் பள்ளியொன்றில் இருபத்தாறு ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தவளுக்கு அது வழக்கமாகிவிட்டிருந்தது. ஊரில் அதைக் குறையாகச் சொன்னவர்களும் உண்டு. தங்கள் வீட்டு அழைப்பிதழை அச்சுக்குக் கொடுக்குமுன் அவளிடம் கொண்டு வந்து காட்டியவர்களும் அவர்களேதாம்.

பெற்றோர் இருவரும் ஓராண்டு இடைவெளியில் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு வயது இருபது. தம்பி குற்றாலநாதனுக்குப் பன்னிரண்டு. அவளுக்கு வந்த இரண்டு வரன்களும் "தம்பி படிப்பு முடியட்டும்" என்ற ஒரே சொல்லில் நின்றுபோயின. படிப்பு முடிந்தது. அவன் பொறியாளனாகிப் பம்பாய்க்குப் போனான். மூன்றாவது வரன் வரவில்லை. அதை அவள் பெரிதாக எண்ணியதாகவும் தெரியவில்லை.

பம்பாயில் அவன் சேர்ந்த நிறுவனம் கணிப்பொறிகளை ஒன்றோடொன்று இணைக்கும் வேலையைச் செய்தது. 1981-ஆம் ஆண்டு பொங்கலுக்கு வந்திருந்தவனிடம் அவள் கேட்டாள்: "கம்ப்யூட்டரக் கம்ப்யூட்டரோட சேக்குதேன், சேக்குதேன்னு சொல்லுதியே, அப்படின்னா என்னலே? மாட்ட வண்டியில பூட்டுத மாதிரியா?"

"அப்படித்தான்க்கா. ஆனா ஒரு மாடு மதுரையில நிக்கும், இன்னொண்ணு மெட்ராஸ்ல நிக்கும்."

"போலே, கேலி பண்ணாத."

பம்பாய் திரும்பியதும் அவன் கேலியை விட்டுவிட்டுக் கடிதம் எழுதத் தொடங்கினான். மாதம் ஒன்று, வேலை குறைந்த மாதங்களில் இரண்டு. நான்கரை ஆண்டுகளில் அறுபத்து மூன்று கடிதங்கள். தன் தொழிலை அடிப்படையிலிருந்து அக்காளுக்குப் புரியவைத்துவிடுவது என்று அவன் கங்கணம் கட்டிக்கொண்டிருந்தான். ஆவுடையம்மாள் ஒவ்வொன்றையும் சிவப்பு மையால் திருத்தி, பிழைகளின் எண்ணிக்கையைப் பதிலில் தெரிவித்து வந்தாள். "கடுதாசிக்கு மார்க் போடுத அக்கா இந்தியாவிலயே நீ ஒருத்திதான்" என்று அவன் ஒருமுறை எழுதினான்.

1985 குற்றாலச் சீசனில் வந்திருந்தபோது, ஐந்தருவியிலிருந்து ஈரத் தலையோடு நடந்து வருகையில், "யக்கா, இதையெல்லாம் ஒரு புஸ்தகமாப் போட்டா நல்லாருக்கும். நான் இங்கிலீஷுல படிச்சி முழிச்ச முழி நம்ம ஊர்ப் பயலுவளுக்கு வேண்டாம்" என்றான். அவ்வளவுதான். ஐப்பசியில் மஞ்சள் காமாலை. தந்தி கிடைத்து அவள் மூன்று ரயில் மாறிப் பம்பாய் போய்ச் சேர்வதற்குள் அவனுடைய நண்பர்கள் தகனம்வரை எல்லாவற்றையும் முடித்திருந்தார்கள்.

அழுது தீர்க்க வேண்டிய நாள்களை அவள் எழுதித் தீர்த்தாள். தம்பி கடைசியாக வாய்விட்டுச் சொன்ன ஆசை அந்தப் புத்தகம். அதை நிறைவேற்றுவதைத் தவிர அவனுக்குச் செய்யக்கூடியதாக அவளுக்கு வேறெதுவும் தெரியவில்லை. அறுபத்து மூன்று கடிதங்களையும் வரிசைப்படுத்தி, பள்ளி விட்டு வந்த மாலைகளில் ஒன்றரை ஆண்டு உழைத்தாள். ஆனால் பேச்சுத் தமிழில் ஒரு பாடநூல் வெளிவருவதா? கல்லூரி வாசலை மிதித்த யாரும் அதை ஒப்புக்கொள்வார்களா? விளக்கத்துக்காகத் தம்பி கொண்டுவந்திருந்த பஸ்ஸையும் லாரியையும் மாமாவையும் மைத்துனனையும் அவள் நீக்கினாள். ஆங்கிலச் சொற்களுக்கெல்லாம் அகராதிகளைப் புரட்டித் தமிழ்ச்சொல் ஆக்கினாள். தம்பி நான்கு பக்கம் சிரிக்கச் சிரிக்க எழுதியிருந்தது, "செய்திக்கூறுகள் தத்தம் முகவரியைத் தலைமேற்கொண்டு, பல்வழிப் பிரிந்தேகி, சேருமிடத்து மீண்டும் ஒருங்குறும்" என்று ஒரே வாக்கியமாயிற்று. எழுதி முடித்து உரக்கப் படித்தபோது அந்த வாக்கியத்தின் கட்டுமானம் அவளுக்கே பெருமையாக இருந்தது. தம்பியைப் பட்டாடை உடுத்திச் சபையில் அமர்த்தியதாக நினைத்தாள்.

அவனுடைய கையெழுத்தும் உலகத்துக்குத் தெரியட்டுமென்று, ஒரே ஒரு கடிதத்தை மட்டும் திருநெல்வேலிக்கு அனுப்பி, தன் சிவப்புக் குறிகள் விழாதபடி படம் பிடித்து அச்சு பிளாக் செய்து, முன்னுரைக்கு அடுத்த பக்கத்தில் அப்படியே அச்சிட்டாள். அதன் கீழே, "உரைநடை திருத்தப்பெறாதது" என்று சிறிய எழுத்தில் ஒரு குறிப்பும் சேர்த்தாள். 1987 ஆனியில் இருநூறு படிகள் வெளிவந்தன. நூலாசிரியர் என்ற இடத்தில் தம்பியின் பெயர் மட்டுமே இருந்தது.

அதற்கு அடுத்து அவள் செய்த காரியம் அவள் குடும்பத்தில் யாராக இருந்தாலும் செய்திருக்கக்கூடியதுதான். அவர்கள் வீட்டில் பழைய ஏடுகள் சிதையத் தொடங்கினால் படியெடுப்பார்கள். படியெடுத்தாயிற்றென்றால் மூலத்தை ஆடிப் பதினெட்டன்று ஆற்றில் விட்டுவிடுவார்கள். எழுத்தை நெருப்பில் இடக்கூடாது, குப்பையில் சேர்க்கக்கூடாது, கரையான் தின்னவும் விடக்கூடாது. தந்தை அப்படிச் செய்ததை அவள் இரண்டு முறை கண்டிருக்கிறாள். கடிதங்கள்தாம் நூலாகிவிட்டனவே. பிளாக் செய்யக் கொடுத்ததையும் சேர்த்து, அறுபத்து மூன்றையும் மஞ்சள் துணியில் கட்டி, பூ வைத்து, சிற்றாற்றில் இறங்கி விட்டாள். சாரல் பெய்துகொண்டிருந்தது, ஆற்றில் நல்ல வெள்ளம். அஸ்தி கரைக்கும் பேறுகூடத் தனக்குக் கிட்டவில்லை என்றிருந்த மனக்குறை அன்று சற்று ஆறியது.

அந்த ஆண்டுதான் அருகிலிருந்த தனியார் தொழிற்பயிலகம் ஒன்றில் கணிப்பொறி வகுப்புத் தொடங்கியிருந்தது. அதன் முதல்வர் ராமசேஷன் நூலைப் புரட்டிப் பார்த்துவிட்டு வியந்து போனார். முப்பத்தெட்டு மாணவர்களுக்கும் ஆளுக்கொரு படி கொடுப்பது. அரையாண்டு கழித்து அவர்களிடம் கருத்து எழுதி வாங்குவது. கருத்து நன்றாக இருந்தால் ஜூன் முதல் அதையே துணைப்பாட நூலாக வைப்பது என்று முடிவாயிற்று. பாடத்திட்ட அச்சுத் தாளில் தம்பியின் பெயர் இடம்பெறும். ஆவுடையம்மாள் அந்த அரையாண்டை நாள் எண்ணிக் கழித்தாள்.

தை மாதம் சீட்டுகள் வந்தன. ஒவ்வொன்றிலும் பெயர், வரிசை எண், கையொப்பம். சிவப்பு மைப் பேனாவோடு உட்கார்ந்தாள்.

"இந்நூல் தமிழன்னையின் மகுடத்தில் ஒரு வைரம்." "ஆசிரியர் நீடூழி வாழ்க." அவன் இறந்துபோன செய்தி முன்னுரையிலேயே இருந்தது, அந்தச் சீட்டை அவள் சிறிது நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "அட்டை கனமாக உள்ளது, நன்று." "எல்லாப் பாடங்களும் இனிமை." இப்படியே முப்பத்தேழு. கடைசியாக ஒன்று, நூர்நிஷா என்ற மாணவி எழுதியது:

"முன்னுரைக்கு அடுத்த பக்கத்தில் இருக்கும் கடிதத்தை ஆறு தடவை படித்தேன். அது மட்டும் புரிந்தது. மற்றப் பக்கங்கள் புரியவில்லை. இதுபோன்ற கடிதங்கள் வேறு இருந்தால் அவற்றை அச்சடிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்."

ஆவுடையம்மாள் அதில் திருத்துவதற்கு எதையும் காணவில்லை. மறுநாளே பயிலகத்துக்குப் போனாள்.

பயிற்சிப் பட்டறைக்கு வெளியே மாணவர்கள் கூடியிருந்தார்கள். நூர்நிஷாவைக் கேட்டதும் அந்தப் பெண் பயந்து எழுந்தாள். பக்கத்திலிருந்த பலவேசம் என்பவன், "ஏட்டி, அன்னைக்கே சொன்னேன்லா? ‘அருமை’ன்னு ஒத்த வார்த்த எழுதிட்டுப் போயிருக்கலாம். பெரிய வக்கீலு கணக்கா எழுதி வச்ச. இப்ப அனுபவி" என்றான்.

"நீ ‘நீடூழி வாழ்க’ன்னு எழுதுனதுக்கு நான் எழுதுனது எவ்வளவோ தேவல. செத்துப்போனவுகள வாழச் சொன்ன ஆளுதானல நீ?"

பலவேசத்தின் முகம் செத்துப்போயிற்று. "டீச்சர், நான்… முன்னுரைய வாசிக்கல டீச்சர்."

"பரவாயில்ல, உக்காருப்பா" என்றாள் ஆவுடையம்மாள். "நான் வைய வரல. நூறாம் பக்கம் புரிஞ்சவங்க யாராச்சும் இருக்கேளா?"

மாணவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அம்பதாம் பக்கம்?"

நூர்நிஷாதான் வாயைத் திறந்தாள். "கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். அந்தப் பக்கமெல்லாம் வாசிக்கையில பரீச்ச ஹால்ல இருக்க மாதிரி இருக்கு. அந்தக் கடுதாசிய வாசிச்சா எங்க அண்ணன் பக்கத்துல உக்காந்து சொல்லுத மாதிரி இருக்கு. மிச்சக் கடுதாசியெல்லாம் வச்சிருக்கீங்களா? வேற எத்தன இருக்கு?"

"அறுபத்து ரெண்டு" என்றாள் ஆவுடையம்மாள். அவை எங்கே இருக்கின்றன என்பதைச் சொல்லாமலே புறப்பட்டாள்.

வீட்டுக்கு வந்து, நூலை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தாள். அச்சாகி ஏழு மாதம் ஆகியும் அவள் அதை வரிவரியாகப் படித்திருக்கவில்லை. கையெழுத்தைப் பார்த்ததோடு சரி.

"யக்கா, தென்காசியிலேருந்து மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்கு நாப்பது பேரு கெளம்புதாங்கன்னு வச்சுக்கோ. ஒரே பஸ்ஸுல எடம் கெடைக்குமா? அஞ்சு பேரு வாசுதேவநல்லூர், சிவகிரி வழியாப் போறான். பத்துப் பேரு திருநெல்வேலி சுத்திப் போறான். ஒருத்தன் லாரியில தொத்திக்கிட்டுப் போறான். ஒவ்வொருத்தன் கையிலயும் மண்டபத்து விலாசமும் ஒரு நம்பரும் எழுதுன சீட்டு இருக்கு. மண்டப வாசல்ல ஒரு மாமா நிக்காரு. வாரவன எல்லாம் நம்பர் வரிசைப்படி பந்தியில உக்கார வைக்காரு. ஏழாம் நம்பர் எல காலியாக் கெடக்கா? உடனே தென்காசிக்குத் தந்தி: ஏழாம் நம்பர் வரல, மறுபடி அனுப்பு. போன மனுசன எப்படில மறுபடி அனுப்ப முடியும்னு நீ சண்டைக்கு வருவ. மனுசன்னா முடியாது. சேதின்னா முடியும். ஏன்னா, அனுப்புததுக்கு முன்னாலயே ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடுவோம். ‘வந்து சேந்துட்டு’ன்னு அங்கனேருந்து பதில் வாரது வரைக்கும் நகலக் கிழிக்கப்படாது. இதுதான்க்கா எங்க தொழிலுக்கு மொதப் பாடம்."

சேர்ந்ததென்று பதில் வருமுன்னே அவள் ஆற்றில் இறங்கியிருந்தாள். ஒருமுறை இழந்தவனை இரண்டாம் முறை தன் கையாலேயே, அதுவும் பூ வைத்து, அனுப்பியிருந்தாள்.

மாசி முழுவதும் அவள் மீட்டெழுத முயன்றாள். எந்தக் கடிதத்தில் எந்தப் பொருள் என்பது பாடம்போல நினைவிலிருந்தது. ஆனால் அவன் சொன்னவிதம் வரவில்லை. "யக்கா" என்று தொடங்கினால் இரண்டாம் வரியிலேயே பேனா செந்தமிழுக்குத் தாவிற்று. வலிந்து பேச்சுத் தமிழில் எழுதியது கூத்தில் வேடம் கட்டியவன் பேச்சாக ஒலித்தது. அவளிடம் இல்லாமல் போனது அவனுடைய குரல். அது இலக்கணத்தால் கட்டமுடியாத பொருள் என்பது நாற்பத்தெட்டு வயதில் அவளுக்கு விளங்கிற்று.

பங்குனியில் ராமசேஷன் அழைத்து அனுப்பினார். "முப்பத்தெட்டுல முப்பத்தேழு பிரமாதம்னு சொல்லியிருக்கு. கமிட்டி ஒப்புக்கொண்டாச்சு. உங்க தம்பி பேரு பாடத்திட்டத்துல வரப்போறது. சந்தோஷம்தானே?"

"வேண்டாம் சார்."

"என்னம்மா சொல்றேள்?"

"இந்த முப்பத்தேழும் மரியாதை சார். இந்த ஒண்ணுதான் கருத்து." நூர்நிஷாவின் சீட்டை அவர் மேசைமேல் வைத்தாள். "புரியாத புஸ்தகத்தப் பாடமா வச்சா பிள்ளைங்க மனப்பாடம் பண்ணும். பண்ணிட்டு, எழுதுனவனத் திட்டும். என் தம்பிக்கு அந்தப் பேரு வேண்டாம். அது அவன் எழுதுனது இல்ல, நான் எழுதுனது."

அவர் இரண்டு முறை எடுத்துச் சொன்னார். அவள் இசையவில்லை. பாடத்திட்டத்தில் வேறொரு ஆங்கில நூலின் பெயர் அச்சாயிற்று.

வீட்டில் எஞ்சியிருந்தவை நூற்று நாற்பது படிகள். சித்திரை விடுமுறையில், அவற்றிலிருந்து அந்த ஒரு தாளை மட்டும் பிளேடால் நறுக்கி எடுத்தாள். "உரைநடை திருத்தப்பெறாதது" என்ற கீழ்வரியையும் ஒவ்வொன்றிலும் கத்தரித்தாள். பயிலகம் திறந்த நாளில் கட்டாகக் கொண்டுபோய், புதிதாகச் சேர்ந்தவர்களுக்கும் பழையவர்களுக்கும் கொடுத்தாள். புதியவர்கள் அங்கேயே நின்று படித்தார்கள். லாரியில் தொத்திக்கொண்டு போனவனிடம் வந்ததும் எல்லாரும் சிரித்தார்கள்.

பலவேசம் தாளோடு அவளிடம் வந்தான். "டீச்சர், ஒரு சந்தேகம். ஏழாம் நம்பர் வரலன்னு தந்தி அடிச்சாச்சி. தென்காசியிலேருந்து நகலும் வந்து எலையில உக்காந்தாச்சி. அந்நேரம் பாத்து லாரியில தொத்துன ஏழாம் நம்பர்காரன் பொறுமையா வந்து எறங்குதான். இப்ப ரெண்டு ஏழாம் நம்பர் ஆயிட்டுல்லா? மாமா என்ன பண்ணுவாரு?"

சுற்றி நின்றவர்கள் பதிலுக்காக அவளைப் பார்த்தார்கள்.

அந்தக் கேள்விக்குக் குற்றாலநாதன் விடை எழுதியிருந்தான். பதினெட்டாவது கடிதமோ, பத்தொன்பதாவதோ. பள்ளி ஆசிரியர் அறையில் அதைப் பிரித்துப் படித்துவிட்டுத் தான் வாய்விட்டுச் சிரித்ததும், தலைமையாசிரியை நிமிர்ந்து பார்த்ததும் அவளுக்கு நினைவிருந்தன. எந்த வரிக்காகச் சிரித்தாள் என்பதுதான் நினைவில்லை.

"பிந்தி வந்தவனத் திருப்பி அனுப்பிருவாங்க" என்றாள்.

"அவ்வளவுதானா டீச்சர்?"

"அவ்வளவுதான்."

பலவேசம் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து, தாளின் ஓரத்தில் அதைக் குறித்துக்கொண்டான்.