க்ளியரான படம்

காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் கேமராவோடு ஏரிக்குப் போய்ச் சேர்ந்தபோது கரையிலிருந்த புங்க மரங்கள் துளிர்த்திருந்தன. என்னைக் கண்டதும் முக்குளிப்பான் ஒன்று, கரையோரமாக மிதக்கும் தன் கூட்டின் மேல் அலகால் எதையோ அவசரமாக இழுத்துப் போட்டுவிட்டு நீருக்குள் மூழ்கியது. கூட்டில் அழுகிய பாசிதான் தெரிந்தது. படம் கெடுமே என்று டிரைபாட் காலால் அதைத் தள்ளினேன். அடியில் நான்கு முட்டைகள்! ஆசைதீரப் படமெடுத்துவிட்டு, மரநிழலில் உட்கார்ந்து படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். காகங்களின் இரைச்சல் கேட்டு நிமிர்ந்தபோது கூடு காலியாக இருந்தது.

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த பெண் என்னையே பார்த்தார். "குப்பைன்னு நெனச்சீங்களா சார்? காக்கா கண்ணுல படக்கூடாதுன்னு அதுதான் மூடி வெச்சுட்டுப் போச்சு."

படத்தைப் பார்க்கும் நண்பர்கள், "முட்டை எவ்ளோ க்ளியரா இருக்கு!" என்கிறார்கள். எதனால் என்று இதுவரை ஒருவரிடமும் நான் சொன்னதில்லை.