முதலாளி வாங்கிய சிவப்புக் கார்

சூப்பர் கார் என்று யாராவது பேச்செடுத்தால் எனக்கு இப்போதும் சுள்ளென்று வரும். போன வாரம் ஆபீசில் பக்கத்து இருக்கைக்காரர் கைப்பேசியில் ஏதோ ஒரு பழைய காரின் படத்தைக் காட்டினார். அது வெறும் ஸ்போர்ட்ஸ் காரா, சூப்பர் காரா என்று இணையத்தில் பெரிய சண்டை நடக்கிறதாம். அந்தச் சண்டையை நான் நாலாம் வகுப்பிலேயே போட்டு ஜெயித்தவள் என்று சொல்ல வாயெடுத்தேன். பிறகு வேண்டாம் என்று டீ குடிக்கப் போய்விட்டேன்.

அப்பா அப்போது செங்கோட்டை முதலாளி ஒருவரிடம் டிரைவராக இருந்தார். முதலாளிக்குப் புளியறை தாண்டிக் கேரளத்தில் ரப்பர்த் தோட்டம், குற்றாலத்தில் ஒரு பங்களா. ஏழு பேர் உட்காரும் வெள்ளை வண்டியை அப்பா ஓட்டினார். அப்பாவின் கை ராசியான கை என்று அந்த வீட்டில் ஒரு நம்பிக்கை உண்டு. எந்த வண்டி புதிதாக வந்தாலும் பூசை போட்டு, சக்கரத்துக்கு அடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கி முதலில் உருட்டுவது அப்பாதான். முதலாளி மகனின் பைக்கைக்கூட அவர்தான் உருட்டினார். சம்பளத்தைக் கூட்டிக் கேளுங்கள் என்று அம்மா நச்சரிக்கும்போதெல்லாம் அப்பா இந்த எலுமிச்சம்பழக் கதையைத்தான் எடுத்து விடுவார். அம்மா தலையில் அடித்துக்கொண்டு பீடி சுற்றப் போய்விடுவாள்.

அந்த வருஷம் சாரல் தொடங்கிய சமயத்தில், கொச்சியிலிருந்து லாரியில் ஏற்றி ஒரு சிவப்புக் காரைக் குற்றாலம் பங்களாவில் கொண்டுவந்து இறக்கினார்கள். வெளிநாட்டுக் கார், அப்பாவைவிட வயதில் மூத்தது. யாரோ ஒரு பணக்காரர் ஆசையாக வைத்திருந்ததை முதலாளி பேசி முடித்திருந்தார். "என் இடுப்பு ஒசரம்கூட இல்லட்டி. உள்ள உக்காந்தா ரோட்டுலயே உக்காந்த மாதிரி இருக்கும்போல" என்று அப்பா அதிசயமாகச் சொன்னார். அப்படியென்றால் அது சூப்பர் கார் என்று நான் குதித்தேன்.

அண்ணனுக்குப் பொறுக்கவில்லை. அவன் எட்டாம் வகுப்பு. கார் விஷயத்தில் எங்கள் வீட்டில் தீர்ப்புச் சொல்லும் உரிமை தனக்குத்தான் என்று அவனே எடுத்துக்கொண்டிருந்தான். "ஏட்டி, போ, பழைய காரெல்லாம் சூப்பர் கார் ஆயிருமா? அது சும்மா ஸ்போர்ட்ஸ் காரு. வேணும்னா கிளாசிக்னு சொல்லிக்கோ" என்றான். அப்பா ஓட்டப் போகிற காரை அவன் 'சும்மா' என்றது எனக்கு ஆகவே இல்லை. தரையில் புரண்டு அழுதேன். கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். சூப்பர் கார் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று அவன் சொல்ல வேண்டியது, அப்பா பங்களாவில் பார்த்துவிட்டு வந்து பதில் சொல்ல வேண்டியது. தினமும் சாயங்காலம் வீட்டில் இந்தப் பஞ்சாயத்துதான்.

இன்ஜின் முன்னால் இருந்தால் கதை முடிந்தது என்றான் அண்ணன். இல்லை, சீட்டுக்குப் பின்னால்தான் இருக்கிறது, ஓட்டுகிறவன் முதுகுக்குப் பின்னால் நின்று உறுமும் என்றார் அப்பா. அது வந்த காலத்தில் வேறெந்தக் காரும் அதன் பக்கத்தில் வர முடிந்திருக்கக் கூடாது என்றான். அப்பா முதலாளியின் மகனிடமே கேட்டு வந்தார். அப்போது ரோட்டில் அதை முந்த ஆளே இல்லையாம். இன்றைக்கு நம்ம ஊர் டாக்ஸி முந்தினாலும் பரவாயில்லையாம், அது பிறந்த காலத்தை வைத்துத்தான் கணக்காம். கண்ட இடத்தில் கண்ணில் படக் கூடாது, கொஞ்சமாகத்தான் செய்திருக்க வேண்டும் என்றான். கொஞ்சம்தான் செய்தார்களாம். அண்ணன் முகம் சுருங்கிப்போனது.

"சீட்டு எத்தனைப்பா?" என்று சுரத்தில்லாமல் கேட்டான்.

"ரெண்டே ரெண்டுதாம்ல. ஒண்ணு எனக்கு, ஒண்ணு மொதலாளிக்கு" என்றார் அப்பா. "இனிமே அவரு பின்னால உக்கார முடியாது பாத்துக்கோ. எங்கூட முன்னாலதான் உக்காரணும்."

இத்தனை வருஷமாகக் கண்ணாடியில் பார்த்தே பேசிய முதலாளி பக்கத்தில் வந்து உட்காரப் போகிறார் என்பதில் அப்பாவுக்கு அப்படியொரு கூச்சம், அப்படியொரு சந்தோஷம். "பக்கத்துல உக்காருதவருகிட்ட பேச்சோட பேச்சா சம்பளத்தையும் கேட்டுருங்க" என்றாள் அம்மா. நாங்கள் நாலு பேர் இருந்த வீட்டில் ஒருத்தருக்கும் வேறு மாதிரி நினைக்கத் தோன்றவில்லை. வண்டி என்று இருந்தால் அதில் டிரைவருக்குத்தான் முதல் சீட்டு. மிச்சம் இருப்பதில்தான் மற்றவர்கள்.

பூசை ஒரு வெள்ளிக்கிழமை காலையில். அம்மா கஞ்சி போட்டுத் தேய்த்துக் கொடுத்த வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு அப்பா விடியும் முன்பே கிளம்பிவிட்டார். குற்றாலத்தில் பூசையை முடித்துவிட்டுத் தென்காசிப் பெரிய கோயிலுக்குக் காரைக் கொண்டுபோவதாக ஏற்பாடு. மேலகரத்தில் எங்கள் தெருமுனையைத் தாண்டித்தான் போயாக வேண்டும். நான் சும்மா இருப்பேனா? எங்கப்பா சூப்பர் கார் ஓட்டிக்கொண்டு வருகிறார் என்று வீடு வீடாகச் சொல்லி, தெருவையே முனையில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தேன்.

முதலில் ஒரு மொபெட் வந்தது. பங்களாத் தோட்டக்காரர் ஓட்ட, அப்பா பின்னால் இரண்டு பலகைகளை மடியில் குறுக்கே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெருமுனை வேகத்தடையில் இறங்கி, பலகைகளை அதன்மேல் சாய்த்துப் போட்டார். பின்னாலேயே உறுமிக்கொண்டு கார் வந்தது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதலாளியே ஓட்டினார். பக்கத்தில் அவர் மகன்.

"வே, இன்னும் கொஞ்சம் இடப்பக்கம் தள்ளிப் போடும். அடியில தட்டுச்சுன்னா ஒம்மத்தான் கேப்பேன்" என்றார். அப்பா குனிந்து பலகையை நகர்த்தினார். கார் ஊர்ந்து ஏறி இறங்கியது. தெருவே கைதட்டியது. "ஏட்டி, ஒங்கப்பா ஓட்டுவாருன்ன?" என்று எதிர்வீட்டுப் பையன் என்னை இடித்தான். பலகை போடுவது அதைவிடக் கஷ்டமான வேலை என்று அவனிடம் மல்லுக்கு நின்றேன். அப்பா எங்களைப் பார்த்தார். ஆனால் கையசைக்கவில்லை. பலகைகளை எடுத்துக்கொண்டு மறுபடி மொபெட்டில் ஏறி, அடுத்த வேகத்தடைக்கு முந்திக்கொண்டு போனார்.

அன்று காலையில் பங்களாவில் பூசை முடிந்ததும் நடந்தது பல வருஷம் கழித்துத் தோட்டக்காரர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அப்பா தான் ஏறுவதற்காகக் கார்க் கதவைத் திறந்தாராம். தனக்குத்தான் திறந்துவிடுகிறார் என்று நினைத்து முதலாளி தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்துகொண்டாராம். அப்பா கதவை மெதுவாகச் சாத்திவிட்டாராம். பாவி மனுஷன், எலுமிச்சம்பழம் நசுங்குகிற நேரத்துக்காவது அந்த இடத்தைக் கொடுத்திருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? எனக்கு இன்னும் வயிறு எரிகிறது.

அன்று சாயங்காலம் அப்பா சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அண்ணன் தோல்வியை ஒத்துக்கொண்டான். பக்கத்து வீட்டுக் கைப்பேசியில் ஏதோ வீடியோ பார்த்துவிட்டு வந்திருந்தான். "அது சூப்பர் காருதாம்ப்பா. டிரைவர் வச்சு ஓட்டுதவங்க வாங்குத காரு வேறயாம். இது சொந்தக்காரனே ஓட்டுததுக்குன்னு செஞ்சதாம். இதுக்கு டிரைவரே கிடையாதாம்."

"எப்பா, நம்ம ஜெயிச்சிட்டோம்!" என்று நான் கத்தினேன்.

"ஆமா தாயி, ஜெயிச்சிட்டோம்" என்றார் அப்பா. அம்மா மடியிலிருந்த பீடிச் சுளகைத் தள்ளி வைத்துவிட்டு அடுப்படிக்குள் போனாள்.

அடுத்த வாரமே முதலாளி வெள்ளை வண்டியை விற்றுவிட்டார். மகன் படிப்பை முடித்துவிட்டு ஊரோடு வந்துவிட்டதால் இருக்கிற வண்டிகளை அவனே பார்த்துக்கொள்வானாம். "தேவைப்பட்டா சொல்லி அனுப்புதேன் வே" என்றாராம். சொல்லி அனுப்பவே இல்லை. இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம், சீசன் வந்தால் விருந்தாளிகளை அருவிக்குக் கூட்டிப்போகவே நேரம் சரியாக இருக்கும் அப்பா, அந்த வருஷம் எங்களைக் கூட்டிப்போனார் என்பதுதான். ஐந்தருவியில் போதும் போதும் என்கிறவரை நனைந்தோம். தினமும் காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை வந்தார்.

"ஒங்கப்பா இப்பம்லாம் தெனமும் வருதாரே, வேலைக்குப் போகலியா?" என்று டீச்சர் ஒருநாள் கேட்டார்.

நான் எழுந்து நின்று, வகுப்பு முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். "எங்க மொதலாளி சூப்பர் கார் வாங்கிருக்காரு டீச்சர். அதனால எங்கப்பாவுக்கு லீவு."

என் பக்கத்தில் இருந்தவளின் அப்பா சுரண்டையில் ஒரு கடைக்காரருக்கு வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். அந்த முதலாளியும் சீக்கிரம் ஒன்று வாங்கினால் நல்லாருக்கும் என்று அவள் ஏக்கமாகச் சொன்னாள்.