மூடிய கண்களோடு ஒரு துரியோதனன்

கம்பைநல்லூர் அருகே பாரதக்கூத்துத் திடலில் நிற்கிறேன். மண்ணால் செய்த துரியோதனன் வெயிலில் மல்லாந்து கிடக்கிறான். சற்று நேரத்தில் பீமன் வந்து அவன் தொடையைப் பிளப்பான். ஆண்டுதோறும் உருட்டி விழிக்கும் அந்தக் கண்களை இம்முறை மூடியபடி தீட்டியிருக்கிறார், வண்ணம் பூசும் சுமதி.

“கெட்டவனுக்கு இந்த மூஞ்சியா? கண்ணத் தொறந்து வுடும்மா” என்று அதட்டுகிறார் விழாக்குழுத் தலைவர்.

“எந்தம்பி பட்டாளத்துல இருக்கான். சாகறவன் மூஞ்சிய இனிமே பேயாட்டம் வரைய மாட்டேன். காந்தாரி ஒப்பாரி வெக்கறப்பவும் வெடி வெடிச்சு அந்தப் பாட்ட அமுக்கிடறீங்க.” சுமதி பிரஷ்ஷை நீட்டுகிறார். “வேணும்னா நீங்களே தொறந்து வுடுங்க.”

தலைவர் வாங்கவில்லை.

பீமன் அடித்து முடிக்கிறான். காந்தாரி வேடக்காரர் மைக்கில் ஒப்பாரியைத் தொடங்குகிறார். வெடிக்கட்டோடு ஓடி வருபவரைத் தலைவரே மறிக்கிறார்.

“இருப்பா, அந்தம்மா அழுது முடிக்கட்டும்.”