அம்மாவின் கத்திக்கு ஓர் உறை

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போது, வாழைத் தோட்டத்து வாய்க்காலைத் தாண்டிய அம்மாவின் இடுப்பை அவளுடைய கத்தியே கிழித்துவிட்டது. இலை அறுக்கிற சின்னக் கத்தி. துணியில் சுற்றித்தான் செருகியிருந்தாள். துணியும் சேர்ந்து கிழிந்திருந்தது. ஆறு தையல். "உறை இல்லாம இனிமே தோட்டத்துப் பக்கம் போகாத" என்று அப்பா ஒரே பேச்சாக முடித்துவிட்டார். அம்மாவோ வீட்டில் உட்காரச் சொன்னால் உட்காருகிற ஆள் இல்லை.

தையல் பிரித்த மறுநாளே என்னையும் கூட்டிக்கொண்டு சுருளிப்பட்டியிலிருந்து தேனிக்குக் கிளம்பினாள். பக்கத்தில் கம்பம் இருக்க எதற்கு அவ்வளவு தூரம் என்று அப்பா கேட்டபோது அவள் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தாள்.

தேனிக் கடைகளில் உறையோடு சேர்ந்த கத்திகள் இருந்தன. எங்கள் கத்திக்குப் பொருந்துகிற உறை ஒன்றுகூட இல்லை. தோல் பை தைப்பவர் அளவெடுத்துச் சொன்ன விலைக்கு நாலு கத்தி வாங்கலாம். "உறை வாங்குனா கத்தி இனாமாண்ணே?" என்று அம்மா கேட்டதும் அவரே சிரித்துவிட்டார். "தோலு தண்ணியில ஊறிப்போகும்த்தா. கம்பத்துல பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால பைப் பட்டறை இருக்கு. பட்டறைக்காரரு மிச்ச பிளாஸ்டிக் பைப்புலயே உறை செஞ்சு தாராராம். தோட்டத்துக்காரவுக அங்கனதான் போறாக."

"அது எங்க மாமா பட்டறை!" என்று கத்தினேன். அம்மா என் கையை அழுத்தினாள்.

மாமா அம்மாவின் அண்ணன். வீட்டைப் பங்கு பிரித்ததிலிருந்து மூன்று வருடமாக இருவருக்கும் பேச்சில்லை. வேலை அதிகம் இருப்பதால்தான் பெரியவர்கள் பேசிக்கொள்வதில்லை என்று நான் நினைத்திருந்தேன்.

கம்பத்தில் இறங்கியதும் அம்மா பட்டறை வாசலிலேயே நின்றுகொண்டாள். கத்தியை நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். மாமா அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காயம் ஆறிருச்சான்னு ஒங்க அம்மாகிட்ட கேளு ஆத்தா" என்றார். நாலடி தூரத்தில் நின்ற அம்மா, "ஆறிருச்சுன்னு சொல்லு" என்றாள். இரண்டையும் பொறுப்பாகக் கொண்டுசேர்த்தேன்.

அதற்குப் பிறகு நடந்ததை இன்றும் வாய் பிளக்காமல் சொல்ல முடியவில்லை. மாமா ஒரு பைப் துண்டை அடுப்புத் தீக்கு மேலே பிடித்து உருட்டினார். கல் போலிருந்த பைப் வாடிய இலையாகத் துவண்டது. கத்தியை அதற்குள் விட்டு, இரண்டு பலகைக்கு நடுவே வைத்து, மேலே ஏறி நின்றார். தண்ணீரில் முக்கி எடுத்தபோது பைப்பைக் காணோம். கத்தியின் வளைவும் முனையும் அச்சாகப் பதிந்த உறைதான் இருந்தது. தலைகீழாக உலுக்கினார், கத்தி விழவில்லை. இரும்புக்கே சட்டை தைத்துவிட்டார் என் மாமா!

இடுப்புக் கயிறு கோக்க ஒரு வளையம் வைத்தார். சுவரில் தொங்கிய உறைகளிலெல்லாம் வளையம் மறுபக்கம் இருந்தது. "மாமா, மாத்தி வச்சிட்டீக" என்றேன். அவர் அந்த வளையத்தையே இன்னும் இறுக்கினார்.

அம்மா உள்ளே வந்து அதை வாங்கி, இடது இடுப்பில் கட்டி, இடக்கையால் கத்தியை உருவிப் பார்த்தாள். வழுக்கிக்கொண்டு வந்தது.

"எம்புட்டு ஆச்சுன்னு கேளு" என்றாள் என்னிடம்.

மாமா அடுப்பை அணைத்துவிட்டு நேராக அவளைப் பார்த்தார். "வீட்டுக்கு வந்து சாப்பிட்டுப் போ."

சாப்பிட்டுவிட்டுத் திரும்புகையில், பைப் எவ்வளவு சூட்டில் இளகும் என்று பஸ்ஸில் அம்மாவைக் குடைந்தெடுத்தேன். அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, "சின்னதுல எடக்கையால சாப்பிட்டா வீட்ல எல்லாரும் அடிப்பாக. அண்ணன் மட்டும் அடிச்சதில்ல" என்றாள்.

நான் கேட்டதென்ன, இவள் சொல்வதென்ன என்று எனக்குக் கோபமாக வந்தது.